செக்போஸ்ட் ஜோதி

போலீஸ் ஜீப்பின் பின்கதவு திறந்து கறுப்பு நாய் ஒன்று குதித்து இறங்கியதுமே எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மலையில் போலீஸ் நாயை அவர்கள் பார்த்ததெல்லாம் மண்சரிவு வந்த வருஷங்களில்தான். நாய் வரும், சேற்றை முகரும், ஓரிடத்தில் போய் உட்காரும். அந்த இடத்தைத் தோண்டினால் ஆள் இருக்கும், உயிர் இருக்காது. ஆகவே நாய் வந்தால் பிணம் தேட வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏ, வாய மூடுங்கடி!" என்று ஞானஜோதி கத்தினாள். "உசுரோட இருக்க மனுசனத் தேடத்தான் நாயி வந்துருக்கு. ஒருத்தியும் இங்ஙன ஒப்பாரி வைக்க வேணாம்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் புருஷன் மிக்கேல் நேற்றுச் சாயங்காலம் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்தடித்து முடித்து வீட்டுக்கு வந்தான், குளித்தான், பாலில்லாத கட்டங்காப்பி குடித்தான். "பம்ப நிப்பாட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பம்பு நின்றது. ஆள் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. விடிந்ததும் லயமே திரண்டு தேடியது. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டிய ஜனம், கம்பைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் கூவிக்கொண்டு அலைந்தது. போன வாரம் இந்தச் சரிவில் இறங்கிய ஒற்றை யானை இன்னும் மலையேறவில்லை என்று வனத்துறை வாட்சர் அருண்பாண்டி சொல்லியிருந்தான். அதனால் யாருக்கும் ரொம்ப உள்ளே போகத் தைரியமில்லை. பூப்பாறைக்கு ஒரு திருட்டுக் கேஸுக்காக வந்திருந்த நாயை இங்கே திருப்பிவிடச் சொல்லி வார்டு மெம்பர்தான் யார் யாரையோ பிடித்துப் பேசினார்.

நாயைப் பிடித்திருந்தவன் பேர் பிரதீப். காக்கியைப் பார்த்து எல்லாரும் மலையாளத்தை எதிர்பார்த்து நின்றால் அவன் வாயிலிருந்து சுத்தமான கோயம்புத்தூர்ப் பேச்சு வந்தது.

"நமக்கு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைங்க. பயப்படாதீங்க்கா. இவ பேரு ஹீரா. செத்தவங்களத் தேடற நாயி வேறங்க, இவ உசுரோட இருக்கறவங்களத் தேடறவ. அவரு போட்ட துணி ஏதாச்சும் ஒண்ணு குடுங்க. கழுவாத துணியா இருக்கோணும்."

கழுவாத துணிக்கு ஞானஜோதி எங்கே போவாள்? ஏலத்தோட்டத்து மருந்து லேசுப்பட்டதல்ல. மகள் ஜிஸ்மிக்கு இழுப்பு உண்டு. அப்பன் சட்டையின் வாடை பட்டாலே ராத்திரி முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். அதனால் மிக்கேல் வாசலில் கால் வைக்கும் முன்பே அவன் துணி சோப்பு வாளியில் விழுந்தாக வேண்டும். போதாததற்கு நேற்று, பண்டிகைக்கு முந்தின நாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, வார்ச் செருப்பு என்று வீட்டில் இருந்த எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அப்படியே ஒரு அழுக்குத் துணி இருந்திருந்தாலும் அவள் கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம். போலீஸ்காரர் வீடு தேடி வந்து கேட்கிறார், அவர் கையில் போய் வேர்வைச் சட்டையைக் கொடுக்கிற குடும்பமா இது? ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறதே. பீரோவைத் திறந்து, மிக்கேல் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

பிரதீப் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அவரு போட்டதுதானுங்களே?"

"அவுக போட்டதுதான் சார்."

பொய்யில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போட்டதுதான்.

ஹீரா சட்டையில் மூக்கை வைத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு தரையை முகர்ந்துகொண்டு முற்றத்தைச் சுற்றியது. வாசலுக்குப் போனது, திரும்பி வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், மிக்கேலின் தம்பி சூசையப்பன் முன்னால் நின்று, அவன் கையில் மூக்கை வைத்து ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பைக் விஷயமாக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் சும்மா இருக்குமா? பின்னாலிருந்து ஒருத்தி, "நாயி பொய் சொல்லாதுடி" என்றாள். ஜீப்பில் வந்த எஸ்.ஐ. விரலை மடக்கி, "நீ இங்கோட்டு வா" என்றார்.

சூசையப்பன் ஞானஜோதியைப் பார்த்துக் கத்தினான். "மதினி, சொல்லுங்க மதினி! நான் எங்க அண்ணனை என்ன செய்யப்போறேன்?"

ஞானஜோதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது நான் தொவச்ச சட்ட சார். வியாழக்கிழமையே தொவச்சுட்டேன். இன்னைக்கிப் பவனிக்குப் போடணும்னு தம்பி நேத்து அத வாங்கி, இஸ்திரி போட்டு, மாட்டிப் பாத்துட்டு, லூசா இருக்குன்னு திருப்பி வச்சுது. தம்பிய விட்டுருங்க."

பிரதீப் கண்ணை மூடித் திறந்தான். கோபம்தான். ஆனால் மரியாதை விட்டுப்போகாத கோபம்.

"கழுவாததுன்னு சொன்னனுங்களே அக்கா. சோப்பு போட்டுத் தொவச்சதுல உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க இருப்பாரு? கடைசியாப் போட்டுப் பாத்தவருதான் இருப்பாரு. இவ சரியாத்தான் சொல்லியிருக்கறா. நாமதான் தப்பான ஆளத் தேடச் சொல்லிட்டோம்."

மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. பிரதீப் அண்ணாந்து பார்த்தான்.

"கோடமழ அடிச்சு ஊத்துச்சுன்னா அவரு நடந்த வாசமெல்லாம் கரஞ்சு ஓடையோட போயிருங்க. அப்பறம் இவளாலயும் ஆகாது. வேற என்ன இருக்குதுங்க? செருப்பு, தலகாணி, சீப்பு?"

செருப்பைக் கழுவியாகிவிட்டது. தலையணை உறை கொடியில் காய்கிறது. சீப்பு ஒன்றுதான், வீட்டில் எல்லாரும் வாருவது அதில்தான்.

ஆனால் ஒன்று இருந்தது. காலையிலிருந்து நைட்டிக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். அதன் கயிறு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது அவளல்ல, பூனை. விடியற்காலையில் விறகுக் கொட்டகைக்குப் போனவள், பூனை விறகுக் கட்டின்மேல் பின்னங்காலில் எம்பி நின்று எதிலோ கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதற்கு மிக்கேலிடம் அப்படி ஒரு ஒட்டுதல். அவன் செருப்பை முகர்ந்துவிட்டு, வாயைப் பாதி திறந்தபடி, மயங்கின மாதிரி அப்படியே நிற்கும். "பாரு, ஒன் மூக்கவிடப் பெரிய மூக்கு" என்று மிக்கேல் அவளிடம் சொல்வான். ராத்திரி முழுக்க அவன் வாசம் இல்லாத வீட்டில் அலைந்த பூனை, கடைசியில் அது இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துப் போய்விட்டது. ஆணியில் மிக்கேலின் உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது.

கழுத்தில் கயிறு, நெஞ்சில் தபால்தலை அளவுக்குப் பழுப்புத் துணி. குருவானவர் மந்திரித்துப் போட்டுவிட்ட நாளிலிருந்து அதைக் கழற்றக் கூடாது, துவைக்கவும் கூடாது. மிக்கேல் என்கிற மனுஷன் அந்த வீட்டில் துவைக்கப்படாமல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான்.

அதை எடுத்து நீட்டுவதற்கு என்ன தடை? தடை இருந்தது. எஸ்டேட்டில் உத்தரியம் போட்ட ஆண்கள் எப்போது அதைக் கழற்றுவார்கள் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். குடிப்பதற்கு முன்னால் கழற்றுவார்கள். நெஞ்சில் மாதாவை வைத்துக்கொண்டு குடித்தால் பாவம், ஆணியில் மாட்டிவிட்டுப் போய்க் குடித்தால் மாதாவுக்குத் தெரியாது. இது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள், ஆண்பிள்ளைகள் போட்ட கணக்கு.

மிக்கேல் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்தவன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, "எங்க, ஊதுங்க" என்பாள் ஞானஜோதி. அவன் ஊத வேண்டும். அவள் முகர வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பி. ஏலக்காயை மென்றுவிட்டு வந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும், கொய்யா இலை மென்றால் மும்மடங்கு. பக்கத்து வீட்டுக்காரிகள் அவளுக்கு செக்போஸ்ட் ஜோதி என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். தவக்காலத்து ஜெபக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரரு வாயிலருந்து இப்ப ஜெபத்த தவிர வேற வாசம் வாறதில்ல" என்று சாட்சியே சொன்னாள். ஜனம் அல்லேலூயா போட்டது. மிக்கேல் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அது தாழ்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது இந்தத் துணியை வெளியே எடுத்தால் சாட்சியும் போயிற்று, மானமும் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. சூப்பர்வைசர் ஜோமோன் இதோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொரு தரம் குடித்தால் லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னவர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. நல்லவன் காணாமல் போனால் தேட ஆள் வரும். குடிகாரன் காணாமல் போனால் யானை நிற்கிற காட்டுக்குள் எவன் வருவான்? எடுத்துக் கொடுத்தால் ஆட்கள் கலைவார்கள், கொடுக்காவிட்டால் நாய் கலையும். காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் வெந்துகொண்டிருந்தாள்.

மழையின் முதல் துளி அவள் கையில் விழுந்தது.

நைட்டிக்குள் கையை விட்டு உத்தரியத்தை உருவி எடுத்தாள்.

அதைப் பார்த்ததுமே ஊருக்கு விளங்கிவிட்டது. கேட்க என்ன இருக்கிறது? பிரதீப்புக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"இதென்னங்க்கா?"

"எங்க அவுக கழுத்துல கெடந்தது. தொவச்சதே இல்ல. வெறகுக் கொட்டாய்ல ஆணியில மாட்டிட்டுப் போயிருக்காக." ஊர் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். "குடிக்கப் போயிருக்காக. அதுக்குத்தான் கழட்டுவாக."

கோயில் உபதேசியார் முன்னால் வந்தார். "மந்திரிச்ச பொருளு, தாயி. நாயி மோக்கலாமா?"

"மாதாவுக்கும் அந்த மனுசன் வேணும்ல, உபதேசியாரே."

அவர் விலகி நின்றார். ஆனால் அவள் பயந்தது நடந்தது. ஜோமோன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ஜோதி, வெஷமிக்கண்டா, கவலப்படாதே. குடிச்சுட்டு எங்கயெங்கிலும் கெடக்கும். தெளிஞ்சா அவனே வரும்" என்றார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கம்பைச் சுவரில் சாய்த்தார்கள். காலையிலிருந்து தொண்டை வற்றக் கூவியவர்கள்தான். "இதுக்கா கோயிலுக்குக்கூடப் போகாம அலஞ்சோம்?" என்று ஒருத்தன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனான். எஸ்.ஐ. வாட்சைப் பார்த்தார்.

ஞானஜோதி பிரதீப்பின் முன்னால் போய் நின்றாள். "சார், குடிச்சவனுக்கும் மூச்சு ஓடிட்டுத்தான இருக்கும். நீங்களும் போயிறாதிய சார்."

"நான் போகலீங்க்கா. இவளுக்குக் குடிச்சவரு குடிக்காதவருன்னெல்லாம் கெடையாதுங்க." உத்தரியத்தை ஒரு பாலிதீன் பையில் வாங்கிக்கொண்டான். "இத யாரு யாரு தொட்டீங்க?"

"நான் மட்டுந்தான். பெறகு பூன மோந்துச்சு."

"பூன கெடக்கட்டும். நெஞ்சோட வெச்சிருந்தீங்கல்ல, இப்ப இதுல உங்க வாசமும் ஏறியிருக்கும். அசையாம நில்லுங்க. உங்கள மொதல்ல மோந்துக்குவா. அப்பறம் இதுலருந்து உங்களக் கழிச்சுட்டு, மிச்சம் யாரு இருக்கறாங்களோ அவங்களத் தேடுவா."

ஹீரா அவளைச் சுற்றி வந்தது. கால், கை, நைட்டியின் ஓரம். எழுந்து முன்னங்காலை அவள் இடுப்பில் வைத்து, ஈர மூக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து அவள் மூச்சை இழுத்தது. கலையாமல் மிச்சமிருந்த ஊர் வேடிக்கை பார்த்தது. ஒருத்தி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தான் என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம், எதற்குப் பயந்தோம் என்பதெல்லாம் அந்த மூக்குக்குத் தெரிந்துவிட்டது போல ஞானஜோதிக்குக் கூசியது. ஒன்றரை வருஷமாக ஒரு மனுஷன் தினமும் சாயங்காலம் இப்படித்தான் நின்றிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

பையைத் திறந்து காட்டினான் பிரதீப். ஹீரா உள்ளே மூக்கை விட்டது. தலையை ஒரு உதறு உதறியது. இந்தத் தடவை முற்றத்தைச் சுற்றவில்லை. நேராக விறகுக் கொட்டகைக்குப் போய், அங்கிருந்து பின்பக்கமாக இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நீளக்கயிறு விறைக்க இழுத்துக்கொண்டு ஓடியது.

பின்னால் போனவர்கள் நாலே பேர்தான். பிரதீப், வாட்சர் அருண்பாண்டி, சூசையப்பன், ஞானஜோதி. "சேச்சி இவிடெ நின்னா மதி" என்று எஸ்.ஐ. தடுத்ததை அவள் காதில் வாங்கவில்லை.

பம்பு ஷெட்டில் ஹீரா ஒரு நிமிஷம் நின்றது. சுவருக்குப் பின்னால் கல்லிடுக்கை முகர்ந்தது. சூசையப்பன் கையை விட்டு ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தான். பாதிதான் குறைந்திருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அதை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தான். நாய் அங்கிருந்து ஓடைப் பக்கம் இறங்கி, பாதி வழியில் மனம் மாறின மாதிரி திரும்பி, மேட்டுப் பக்கம் ஏறத் தொடங்கியது. இலைகளில் தூறல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஏலச்செடிகள் ஆளுக்கு மேலே நின்றன. எதிரே யார் நின்றாலும் தெரியாது. ஹீரா சட்டென்று நின்றது.

வாசம் தவறி நின்ற நிற்பு இல்லை அது. பிடரி மயிர் எழுந்திருந்தது, வால் இறங்கியிருந்தது. மூக்கு தரையை விட்டு மேலே போய்க் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரதீப் கையைத் தூக்கினான். அருண்பாண்டி வாயசைவால் மட்டும் "ஆனை" என்றான்.

ஞானஜோதிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பேர்போன மூக்குக்கு நனைந்த மண்ணும் ஏலப்பூவும் தவிர எதுவும் வரவில்லை. பிறகுதான் வலதுபக்கம் ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பெரிய மூச்சு ஒன்று. இருபது அடி இருக்கலாம், நாற்பது இருக்கலாம், செடிக்குள் யாருக்குத் தெரியும்? மிக்கேல் போன வழியில்தான் அது நிற்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். சூசையப்பன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"காத்து நம்ம பக்கம் வருதுங்க" என்று பிரதீப் காதோடு சொன்னான். "நம்ம வாசம் அதுக்குப் போகல. அசையாதீங்க."

நாய் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிரதீப்பின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. நிற்க நிற்கத் தடம் கரைகிறது, நடந்தால் யானை. மாதாவே, அது போகட்டும், மழையும் போகட்டும் என்று ஞானஜோதி மனசுக்குள் கெஞ்சினாள். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது பேராசை என்று தோன்றி, யானை மட்டுமாவது போகட்டும் என்று குறைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது. அருண்பாண்டி தலையசைத்த பிறகும் பிரதீப் கொஞ்சம் பொறுத்தான். பிறகு பையைத் திறந்து ஹீராவுக்கு இன்னொரு தடவை காட்டினான்.

நாய் தரையில் மூக்கை வைத்தது. இடதுபக்கம் போனது, திரும்பியது. வலதுபக்கம் போனது. மழை அதன் முதுகில் தெறித்தது. "தேடு கண்ணு, தேடு" என்று பிரதீப் குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னான். ஒரு செடியின் தூரில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்ற ஹீரா, மறுபடி கயிற்றை இழுத்தது.

மேட்டின் உச்சியில் பச்சை வலை கட்டின வேலி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் படுதாக்குளம். பெரிய பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் படுதாவை விரித்து, தண்ணீர் தேக்கி வைப்பார்கள். வேனலுக்கு ஏலத்தைக் காப்பாற்ற இந்த மலை முழுக்க அப்படித்தான்.

சூசையப்பன் நின்றுவிட்டான். "இங்ஙன காலையிலேயே வந்தோமே! மதினி, நீங்கதான இந்த வேலிக்கிட்ட நின்னு கூப்ட்டீங்க?"

அவள்தான் கூப்பிட்டாள். எத்தனையோ தடவை கூப்பிட்டாள். பதில் வரவில்லை. வலை கிழியாமல் இருந்தது, அதனால் கீழே திரும்பிவிட்டார்கள். வேலியை முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹீரா இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடியது. அங்கே வலையின் அடி தூக்கியிருந்தது. உள்ளே தலையை விட்டு, உடம்பெல்லாம் ஆட, விடாமல் குரைக்க ஆரம்பித்தது.

ஞானஜோதி வலையைப் பிய்த்துக்கொண்டு போனாள்.

குளம் முக்கால்வாசி வற்றியிருந்தது. நாலு பக்கமும் வழவழவென்று கறுப்புப் படுதா செங்குத்தாக இறங்கியது. மழை அதில் வழிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மூலையில் சேறு குவிந்து திட்டாகியிருந்த இடத்தில், தொடையளவு தண்ணீரில் மிக்கேல் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். படுதா முழுக்க அவன் ஏறி ஏறிச் சறுக்கின சேற்றுக் கோடுகள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கண் பாதி மூடியிருந்தது.

"ஏய்யா!"

தலை மெதுவாக நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் முழுசாகப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். பிரதீப் ஹீராவின் கழுத்திலிருந்து நீளக்கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை மரத்தில் கட்டினான். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு சூசையப்பன் சறுக்கி இறங்கினான். அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி கயிற்றை அவிழ்த்து அவன் கக்கத்தில் சுற்றினான். மேலே மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அவள் உள்ளங்கை கிழிந்தது, அது அவளுக்கு ராத்திரிதான் தெரிந்தது. மிக்கேல் கரைக்கு வந்து விழுந்தான், அடுத்து சூசையப்பனையும் இழுத்தார்கள். அருண்பாண்டி தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். ஹீரா வந்து மிக்கேலின் முகத்தை ஒரு தரம் நக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று பிரதீப்பிடம் போய்ப் பிஸ்கட் வாங்கிக்கொண்டது.

ஞானஜோதி அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது, பல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. அவள் முகத்தோடு முகம் வைத்து அழக் குனிந்தபோது அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான். குளிருக்குத்தான் பொத்துகிறான் என்று நினைத்து அவள் அந்தக் கையைத் தேய்த்துவிட்டாள்.

"எப்பிடிய்யா விழுந்தீக?"

"வாய் கொப்பளிக்கத்தான் வந்தேன்." குரல் இல்லை, காற்றுதான் வந்தது. "ஓடையில ஆளுக இருந்தாக. அதான் இங்ஙன. வழுக்கிருச்சு."

"காலையில நான் அந்த வேலிக்கிட்ட நின்னு தொண்ட கிழியக் கூப்ட்டேனே, கேக்கலியா?"

கேட்டது என்று தலையசைத்தான்.

"பெறகு ஏன்யா ஒரு சத்தம் குடுக்கல? ஒரு சத்தம் குடுத்துருந்தா அப்பவே தூக்கியிருப்போம்ல!"

மிக்கேல் விரலிடுக்கு வழியாகப் பேசினான். அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நீங்க போன பெறகு கத்திப் பாத்தேன். தொண்ட அடச்சிருச்சு. மொதல்ல நீ கூப்ட்டப்ப... வாயில வாடை இருந்துச்சு ஜோதி. வாடை போயிரட்டும்னு இருந்தேன்."